தாள் சுற்றாத பேரிக்காய்

தம்பி,

வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்ட கூடை உன் கைக்கு வந்திருக்கும். மேலே கட்டியிருக்கும் சாக்கைப் பிரித்ததும் திகைத்துப் போவாய். ஒரு பேரிக்காய்க்குக்கூடத் தாள் சுற்றவில்லை. காய்ந்த புல்லைப் பரப்பி, அதன்மேல் பழத்தை வெறுமனே அடுக்கியிருக்கிறேன். ஆத்தாவுக்கு வயசாகிவிட்டது, கை ஓய்ந்துபோய்விட்டது என்று நினைக்காதே. வேண்டுமென்றேதான் அப்படி அடுக்கினேன். புது வேலைக்கு ரயிலில் இரண்டு நாள் போக வேண்டும் என்று சொன்னாய். பழம் ஒன்றோடொன்று உரசிக் கன்றிப்போகும். கன்றியதை முதலில் தின்றுவிடுங்கள். ஏன் சுற்றவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் நீ மருமகளோடும் வள்ளியோடும் வந்து நாலு நாள் இருந்தாய். அந்த நாலு நாளும் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. கோணல்மாணலாக இருந்தாலும் முழுக்கப் படி.

நீ வந்த மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது உனக்கு நினைவிருக்காது. வெளியே சாரல். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரிசாப் பக்கத்து அணை வேலைக்கு வந்த உத்தரவை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வள்ளி என் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடினாள். ஏழு வயசுப் பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசித்தபின் அதில் என்னவோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

"அப்பா, இதுல ஒரு பாட்டி கழுதைமேல ஏறிக் கோர்ட்டுக்குப் போறாங்க. வாசிச்சுக் காட்டுங்கப்பா."

"எனக்குக் கதையெல்லாம் வாசிக்க வராதும்மா. அம்மாகிட்டக் கொண்டு போ."

அவள் நேரே அம்மாவிடம் போய், "ஏம்மா, அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதா?" என்று கேட்டாள். மருமகள் சிரித்துவிட்டாள். "ரோட்டு வேலைப் படம் தவிர வேற எதையும் உங்கப்பா வாசிச்சு நான் பாத்ததில்ல கண்ணு." நீயும் சிரித்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததை நீ பார்த்தாலும் புகை என்று நினைத்திருப்பாய்.

கதை வாசிக்க வராது என்று நீயா சொன்னாய்? உனக்குப் பன்னிரண்டு வயசில் இந்த வீட்டில் பூண்டு உரிக்க வந்த பொம்பளைகள் கூலிக்கு வந்தார்களா, உன் குரலைக் கேட்க வந்தார்களா என்று எனக்குச் சந்தேகம். பரணில் புகை போட்ட பூண்டை இறக்கி, தண்டை அறுத்து, மண்ணுத் தோலை நீக்கிக் குவிக்கும் வேலை. நாலைந்து பேர் வட்டமாக உட்காருவோம். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா வரும்போதே, "ஏலே வாத்தியாரு, அந்தத் தச்சன் என்னலே ஆனான்?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசற்படி ஏறுவாள். நீ பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு, உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுவில் உட்காருவாய்.

அது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. பேரிக்காய்க் காலத்தில் பழம் சுற்றுவதற்கென்று வத்தலக்குண்டிலிருந்து எடைக்குப் பழைய தாள் வாங்கி வருவார் உன் அய்யா. வாரப் பத்திரிகை, செய்தித்தாள், பரீட்சைத்தாள் எல்லாம் கலந்து கட்டாகக் கட்டி வரும். பழத்துக்கு ஒரு தாள் சுற்றினால்தான் மலை இறங்கிப் போவதற்குள் கன்றாமல் இருக்கும். அந்தக் கட்டைப் பிரித்து, வாராவாரம் வந்த ஒரு தொடர்கதையின் பக்கங்களை மட்டும் இரண்டு வருஷமாகப் பொறுக்கி எடுத்தாய். வரிசையாக நம்பர் போட்டு, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டினாய். தொலைந்துபோன மகளைத் தேடி ஒரு கப்பல் தச்சன் தீவு தீவாகப் போகிற கதை. நம்மில் ஒருத்தரும் கடலைப் பார்த்ததில்லை.

"ஏலே, கடலுன்னா எம்புட்டுப் பெருசு? கொடைக்கானல் ஏரி அம்புட்டு இருக்குமா?"

"ஏரியில அக்கரை தெரியும் பெரியாத்தா. கடல்ல தெரியாது."

"அக்கரை தெரியாத தண்ணியில எந்தக் கிறுக்கன் எறங்குவான்?"

"மகளத் தொலைச்சவன் எறங்குவான்."

பொன்னாத்தாவின் கையில் பூண்டு அப்படியே நின்றது. எல்லோருடைய கையும் நின்றது. நீ அடுத்த பக்கத்தைப் புரட்டினாய். தாள் கட்டுக்குள் எல்லா வாரமும் கிடைக்குமா? நடுவில் மூன்று வாரம், நாலு வாரம் இருக்காது. "அந்த மூணு வாரத்துல என்னலே நடந்துச்சு?" என்பார்கள். நீ ஒரு நிமிஷம் கூரையைப் பார்ப்பாய். பிறகு சொல்ல ஆரம்பிப்பாய். அச்சில் இருந்தது எது, நீ கட்டியது எது என்று யாருக்கும் தெரியாது. உன் அய்யா ஒருநாளும் வட்டத்தில் வந்து உட்காரமாட்டார். வாசலில் கூடை பின்னுகிற மாதிரி உட்கார்ந்து காதை மட்டும் உள்ளே வைத்திருப்பார். கடைசியில் தச்சன் ஒரு தீவில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டு ஒரு வீட்டு முன்னால் போய் நிற்கிறான். ஜன்னலில் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டுகிறான். அதோடு பக்கம் தீர்ந்துவிட்டது. "அடுத்த கட்டுல கெடைக்கும், பாத்துக்கிட்டே இருங்க" என்றாய்.

அடுத்த கட்டு வருவதற்குள் அந்த நாள் வந்துவிட்டது. ஆவணி மாதம். அந்த வருஷம் பழம் கொள்ளை கொள்ளையாகக் காய்த்திருந்தது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். குதிரைக்கார மாயாண்டி ஆறு மட்டக் குதிரைகளோடு வாசலில் நின்றுகொண்டு கத்துகிறார்: "ஏத்தா, மஞ்சு எறங்குது, வெரசாக் கட்டுங்க. பெருமாள்மலையில லாரிக்காரன் நமக்காக நிக்கவா போறான்?" கடைசிக் கூடைக்குத் தாள் தீர்ந்துவிட்டது. நான் வீட்டுக்குள் போய் அலமாரியிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து வந்தேன். உன் அய்யா பார்த்துவிட்டு, "அது பய தச்சு வச்சது. அத எடுக்காத" என்றார். "எடைக்கு வாங்குன தாளுதான? பழத்துக்குன்னு வந்தது, பழத்துக்கே போகுது" என்றேன். சணலை அறுத்தேன். கிழித்துக் கிழித்துச் சுற்றினேன். கை வேகமாகப் போயிற்று. அவசரம் என்று இத்தனை நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவசரம் மட்டும் இல்லை தம்பி. கதைப் புத்தகம் உன்னைக் கெடுத்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் வத்தலக்குண்டுப் பள்ளிக்கூடத்தில் கதைக்காக ஏங்கியவள். கல்யாணமாகி மலை ஏறி வந்த புதிதில், மளிகைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தத் தாளைப் படித்துக்கொண்டு நின்றேன். "பருப்பக் கொண்டாடின்னா பொட்டலத்தப் படிச்சுக்கிட்டு நிக்கா பாரு, கலெக்டர் மக" என்று உன் அப்பத்தா ஊர் கேட்கச் சிரித்தார். அன்றைக்கு விட்டதுதான் படிப்பு. நான் விட்டதை நீ இத்தனை சுகமாக அனுபவிக்கிறாயே என்ற பொறாமை ஒரு பொட்டு எனக்குள் இருந்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன்.

சாயங்காலம் நீ வந்தாய். பூண்டுக்காரப் பொம்பளைகள் உட்கார்ந்தாயிற்று. நீ அலமாரியைப் பார்த்தாய், முற்றத்தில் கிடந்த காலண்டர் அட்டையைப் பார்த்தாய், அறுந்த சணலைப் பார்த்தாய். அழுவாய், சண்டை போடுவாய் என்று நான் தயாராக நின்றேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"எம்புட்டுப் பழத்துக்குப் பத்துச்சு ஆத்தா?"

"ஒரு கூடைக்கு ஆச்சு" என்றேன். பெரிய காரியம் செய்தவள் மாதிரி சொன்னேன்.

நீ தலையை ஆட்டிவிட்டுச் சணலை எடுத்துச் சுருட்டி மூலையில் வைத்தாய். பொன்னாத்தா கேட்டதற்கு, "கதை மலை எறங்கிப் போயிருச்சு பெரியாத்தா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீ கதை என்று ஒரு தாளைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. கட்டு வந்தால் மற்றவர்களோடு உட்கார்ந்து பழம் சுற்றுவாய். தாளில் என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கமாட்டாய். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தாய். "எம்மவன் கதைப் புஸ்தகத்தத் தொடமாட்டான், பாடந்தான் படிப்பான்" என்று நான் வடகவுஞ்சிச் சந்தை வரைக்கும் பெருமை அடித்தேன். ஓவர்சியர் வேலைக்கு உத்தரவு வந்தபோது, அன்றைக்குக் கிழித்தது நல்லதற்குத்தான் என்றுகூட நினைத்தேன்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்தேன். புத்தகத்தைக் கிழித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மண்டியிலிருந்து வெறுங்கூடைகள் திரும்பி வந்தன. ஒரு கூடையின் அடியில் அழுகிய பழம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த தாளின் மூலையில் உன் கையெழுத்தில் இருபத்தொன்று என்று நம்பர். மெதுவாக உரித்தெடுத்துப் பரணில் காயவைத்தேன். நீ அப்போது வாசலில்தான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே. பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பத்தொன்பது வருஷம் அங்கேயே இருந்தது.

நீ ஹாஸ்டலுக்குப் போனபிறகு ஒருநாள் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். தீவில் ஒரு கிழவி தச்சனுக்குச் சோறு போடுகிற இடம். நீ வாசித்தபோது கிழவி பூண்டுக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். "நம்ம பூண்டாலே?" என்று பொன்னாத்தா கேட்டாள், "பின்ன? மலைப்பூண்டுதான்" என்று நீ சொன்னாய். தாளில் பூண்டும் இல்லை, குழம்பும் இல்லை. 'கஞ்சி குடித்தான்' என்று மட்டும் அச்சடித்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் பழத்தில் சுற்றியது எதை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பாதிக் கதை பத்திரிகையில் இருந்ததே இல்லை. உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த வருஷத்திலிருந்து கட்டு வந்ததும் முதல் ஆளாக நான்தான் பிரிப்பேன். தச்சன் கதவைத் தட்டிய வாரத்துக்கு அடுத்த வாரம் எங்காவது கிடைக்காதா, உனக்குத் தபாலில் அனுப்பமாட்டேனா என்று தேடினேன். முதலில் படத்தையும் தலைப்பையும் மட்டும்தான் பார்த்தேன். தேடுகிற கண்ணுக்கு வேறு எழுத்தும் படத்தானே செய்யும்? ஒருநாள் அந்தக் கழுதைப் பாட்டி கதை கிடைத்தது. கோர்ட்டு வாசலில் கழுதை சாட்சிக்காரரின் தலைப்பாகையைத் தின்றுவிடுகிறது. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அய்யா எட்டிப் பார்த்து, "என்னத்தா, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றார். சிரித்து முடித்ததும் உன் நினைப்பு வந்தது. பிள்ளையிடமிருந்து பிடுங்கியதைத் தாய் உட்கார்ந்து ருசிக்கிறேனே என்று இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை தம்பி. இருபது வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு கதவைத் திறந்தால் காற்று சொல்லிக்கொண்டா வரும்? தேடுவதாகச் சொல்லிக்கொண்டு படித்தேன். பிறகு படிப்பதற்காகவே தேடினேன். நல்ல பக்கங்களைப் பழத்துக்குக் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்தேன், உன்னைப் போலவே. கண்ணில் வெள்ளெழுத்து விழுந்து எழுத்து கலங்கியபோது, அரிசியில் கல் தெரியவில்லை என்று பொய் சொல்லி வத்தலக்குண்டில் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். "அரிசி பொடைக்கிறப்பக் கண்ணாடிய மாட்ட மாட்டேங்குற, கட்டுப் பிரிக்கிறப்ப மாட்டுற" என்று உன் அய்யா கேலி செய்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

அவர் படுக்கையில் விழுந்த அந்த நாலு மாதமும் நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். உனக்கு எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. மத்தியான வெயில் ஜன்னலில் விழும் நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். எல்லாம் தலையும் வாலும் இல்லாத பக்கங்கள். "இதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" என்பார். "தெரியல" என்பேன். "பய மாதிரி நீயாச் சொல்லேன்." சொல்லிப் பார்த்தேன். "அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, பிள்ள பொறந்துச்சு" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவர் சிரித்துவிட்டு இருமினார். ஒருநாள் நான் எதுவும் வாசிக்காமல் சும்மா இருந்தபோது கேட்டார்: "ஏத்தா, அந்தத் தச்சன் கதவத் தட்டுனானே, யாரு வந்து தெறந்தா?" பதினாறு வருஷம் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். "தெரியலைங்க. தாளு கெடைக்கல" என்றேன். "அவன் வந்தாச் சொல்லுவான்" என்றார். நீ வந்தபோது அவரை முற்றத்தில் கிடத்தியிருந்தோம். அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொல்லத் தவித்தேன். சொந்தபந்தம் சூழ நின்றது, சொல்லவில்லை.

அதனால்தான் இந்தக் கூடை இப்படி வருகிறது. இனி என் கையால் ஒரு தாளைப் பழத்தில் சுற்றமாட்டேன். கூடையின் அடியில் துணி சுற்றி ஒரு கட்டு வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் நான் எடுத்து வைத்த பக்கங்கள். கோணி ஊசியால் நானே தைத்தேன். தையல் உன்னுடையது மாதிரி நேராக இல்லை. முதல் பக்கம், பழக்கறை படிந்த அந்த இருபத்தொன்று. உன் கதையின் முடிவு அதில் இல்லை. கடைசிவரை எனக்கு அது அகப்படவே இல்லை. ரயிலில் போகும்போது வள்ளி சும்மா இருக்கமாட்டாள். கட்டை அவள் மடியில் வைத்துவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாலும் நான் வருத்தப்படமாட்டேன். எம்புட்டுப் பழத்துக்குப் பத்துச்சு என்று அன்றைக்குக் கேட்டபோது உனக்கு இருந்த முகத்தைப் பார்த்தவள் நான். உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஆனால் நடுவில் பக்கம் விட்டுப்போன இடத்தில் அவள் நிச்சயம் நிறுத்துவாள். "இங்க என்னப்பா நடந்துச்சு?" என்று உன்னைத்தான் கேட்பாள். அப்போது ஒரு நிமிஷம் ரயில் கூரையைப் பார், தம்பி. ஏதாவது வந்தால் அவளிடம் சொல். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு, அவள் பொறுத்துக்கொள்வாள். என்றைக்காவது அந்தக் கதவை யார் திறந்தார்கள் என்று உனக்குத் தோன்றினால், எனக்கு எழுத வேண்டாம், அவளிடம் சொல். அவளுக்குத்தான் இப்போது எழுத்து வந்துவிட்டதே, ஒரு கார்டில் கிறுக்கிப் போடச் சொல். உன் அய்யா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக வாசிக்கிறேன். எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணாடி இருக்கிறது.

ஆத்தா